கருப்பணசாமி, கேர் ஆஃப் நாச்சாள்.வீடு

நாச்சாளைத் தூரத்திலிருந்து யாரும் திட்டியதே கிடையாது.

பக்கத்திலிருந்து திட்டியவர்களுக்குப் பஞ்சமில்லை. அம்மா வர்ஷிதா காலையில் காபிக்கு முன்பே ஒரு ரவுண்டு முடித்துவிடுவாள். பனியன் கம்பெனி சூப்பர்வைசர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிப்பார். ஆனால் ஊரைத் தாண்டி, கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ வந்த எந்தச் சொல்லும் அவளிடம் முகம் சுளித்ததில்லை. 2087ஆம் வருடத்தில் திருப்பூர் என்ன, பூமியில் யாருக்குமே அந்தக் கொடுப்பினை இல்லை. எல்லாம் இன்சொல்லின் புண்ணியம்.

இன்சொல் என்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மென்பொருள். நீங்கள் எழுதும் கடிதமும் பேசும் பேச்சும் அதைத் தாண்டித்தான் மறுமுனைக்குப் போக வேண்டும். போகிற வழியில் அது முள்ளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுச் சர்க்கரையைத் தூவி அனுப்பும். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசி, அதில் சில உயிர்களும் போன காலத்தில், நாற்பது வருடத்துக்கு முன்னால் இதைக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த ஒன்றை எடுப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

நாச்சாளின் கம்பெனி ஒருமுறை நூல் மில்லுக்கு, நீ அனுப்பிய நூல் தொட்டாலே அறுந்துபோகிறது, மரியாதையாகத் திருப்பி எடுத்துக்கொள் என்று எழுதியது. மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது, "உங்கள் நூலின் மென்மையை எங்களால் மறக்கவே முடியவில்லை" என்று. மில்காரர் பூரித்துப்போய் அதே நூலில் இன்னும் இரண்டு டன் அனுப்பிவைத்தார். இதற்காவது சிரிக்கலாம். பெரியப்பா மகள் மேகலா கதைக்குச் சிரிக்க முடியாது. டொராண்டோ மாப்பிள்ளையிடமிருந்து இரண்டு வருடம் தேன் சொட்டச் சொட்டக் கடிதம் வாங்கியவள், கல்யாணத்துக்கென்று அங்கே போய் இறங்கினாள். விமான நிலையத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் இவ்வளவு லேட்டு?" வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து மேகலா அவரைத் தாண்டி நடந்துபோய்விட்டாளாம். மூன்றே வாரத்தில் ஊர் திரும்பினாள். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். எல்லோரையும் போல ஒரு மனுஷன். அந்த மனுஷனை அவளுக்கு அதற்கு முன்னால் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் நாச்சாளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அவளுக்கு இருபத்தாறு வயது, நிட்டிங் மெஷின் மெக்கானிக். பழைய பெயர்கள் ஃபேஷனாகத் திரும்பியிருந்த காலம் என்பதால் அம்மா பெயர் வர்ஷிதா, மகள் பெயர் நாச்சாள். மாப்பிள்ளை சென்னியப்பன், காங்கேயத்துக்காரன். நிலாவின் தென்துருவத்தில் பனிக்கட்டி வெட்டும் சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். மேலே போய் நாலு வருடம் ஆகிறது. தை மாதம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து உப்புச் சர்க்கரை மாற்றி முடிவு செய்தார்கள். மாப்பிள்ளை திரையில் தெரிந்து சிரித்தான். ஆவணியில் முகூர்த்தம். அவன் இறங்கி வருவதற்கு ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அதை விட்டால் அடுத்தது பதினாலு மாதம் கழித்து. இதில் ஏறிவிட்டால் சுரங்கத்து வேலையும் போய்விடும், மறுபடி எடுக்கமாட்டார்கள்.

ஆக, ஒரு மனுஷன் தன் வேலையை விட்டுவிட்டு, நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டி, நாச்சாள் என்ற பெண்ணை நம்பி வரப்போகிறான். அவன் அறிந்த நாச்சாளோ இன்சொல் எழுதிய நாச்சாள்.

அவன் அறுபத்தொரு கடிதம் எழுதியிருந்தான். "இந்தக் குளிரில் உங்கள் சொற்களே எனக்குப் போர்வை" என்ற மாதிரி அறுபத்தொன்று. எதை எடுத்து எதோடு சேர்த்து வைத்தாலும் ஒரே மாதிரி இருந்தன. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், உங்க லெட்டரைப் படிச்சா எனக்குத் தூக்கந்தான் வருது என்று எழுதிப் போட்டாள். தன்னைக் கனவில் காண்பதற்கு நன்றி சொல்லி மறுநாளே பதில் வந்தது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். கப்பல் கிளம்புவதற்குள் அந்த ஆளுடைய சொந்த வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியமாவது கேட்டுவிட வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. வழி சொன்னவள் ரஷீதா. நாச்சாளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது டவுனில் இணையப் பெயர்கள் பதிவு செய்யும் கவுண்டரில் வேலை. இன்சொல் சட்டம் கம்பெனிகள் நடத்தும் அஞ்சலுக்குத்தான், வீட்டில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்துக்கொள்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்றாள். அப்படி ஒரு பழக்கம் இருந்ததே சட்டம் எழுதியவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அதோடு, வீட்டு சர்வர் தன் கடிதங்களுக்கு ஒரு முத்திரை போட்டு அனுப்பும். வழியில் யாராவது ஒரு கமாவை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். அதனால் இன்சொல்லால் அதில் கை வைக்க முடியாது.

சர்வர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. கம்பெனியில் கழித்துக்கட்டிய ஒரு கன்ட்ரோல் பெட்டியே போதும். ஊரார் அதை நம்ப வேண்டும், அதுதான் பெரிய விஷயம். அதற்குத்தான் டிஎன்எஸ் ரெக்கார்டுகள்.

"பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல என்னடி பண்ணுவாங்க?" என்று கேட்டாள் ரஷீதா.

"அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க."

"அதேதான். டிஎன்எஸ்ங்கறது ஊருக்குப் பொதுவா வெச்சிருக்கற ஒரு நோட்டு. உன் லெட்டர் போனதும் அந்தப் பக்கத்து சர்வர், யாரு இந்தப் பொண்ணு, எந்த வீடு, நெசமாவே இவதான் எழுதினாளான்னு இந்த நோட்டைப் பாத்துத்தான் விசாரிக்கும். நோட்டுல என்ன எழுதறதுங்கறது உன் இஷ்டம். ஆனா ஒண்ணு, அதை யாரு வேணா படிக்கலாம்."

யார் படிக்கப்போகிறார்கள் என்று நாச்சாள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரெக்கார்டு போட உட்கார்ந்தார்கள். கப்பலுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் முடி என்று வர்ஷிதா அவசரப்படுத்தினாள். அவளைப் பொறுத்தவரை இது புது வீடு குடிபோகிற மாதிரி, பெயரிலேயே வீடு இருக்கிறதே. சர்வர் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். பக்கத்தில் ஸ்டவ்வை வைத்துப் பாலும் காய்ச்சினாள். பொங்கி வழிந்த பால் மின்சாரத்தில் படாமல் இருக்க ரஷீதா பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

முதல் ரெக்கார்டில் நாச்சாள்.வீடு என்ற பெயர் எந்த எண்ணில் குடியிருக்கிறது என்று எழுதினார்கள். அடுத்தது எம்எக்ஸ், அந்த வீட்டுக்கு வரும் கடிதத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதற்கு. பிறகு எஸ்பிஎஃப். இந்த எண்ணிலிருந்து வருவதுதான் என் கடிதம், மற்றதெல்லாம் பொய் என்று அறிவிப்பது அது. முத்திரையைச் சரிபார்ப்பதற்கும் ஒரு ரெக்கார்டு போட்டார்கள். கடைசியாக டிமார்க். எண்ணோ முத்திரையோ ஒத்துவராமல் ஒரு கடிதம் நாச்சாள் பெயரில் வந்தால் மற்றவர்கள் அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளே முன்கூட்டி உத்தரவு போட்டு வைக்க வேண்டும். சத்தம் போடாமல் ஓரமாக ஒதுக்கி வை என்று நாச்சாள் எழுதினாள். அப்படி ஏதாவது நடந்தால் தகவல் அனுப்ப ஒரு முகவரி வேண்டுமே, யார் முகவரி கொடுக்கலாம் என்று ரஷீதா கேட்டாள்.

"சாமிக்குப் போவட்டும்" என்றாள் வர்ஷிதா.

விஷயம் என்னவென்றால், கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதி குலதெய்வத்துக்கு. அதை வைக்காமல் வேறு யாருக்கும் ஒரு கடிதம்கூடப் போகக் கூடாது. அவர்களுடைய குலதெய்வம் பாறைக்காட்டுக் கருப்பணசாமி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை உச்சியில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். வர்ஷிதாவின் முழங்கால் பாறை ஏறுகிற நிலையில் இல்லை. அதனால் சர்வரில் மூன்று பெட்டி திறந்தார்கள். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கருப்பணசாமிக்கு ஒன்று. சுற்றி மஞ்சள் கரை போட்ட பத்திரிகை முதல் மின்னஞ்சலாகச் சாமி பெட்டிக்குள் போய் விழுந்தது. சாமி சும்மாத்தானே இருக்கிறார், புகாரையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது வர்ஷிதாவின் கட்சி. நாச்சாளும் சரியென்று டிமார்க்கில் அந்த முகவரியைப் போட்டுவிட்டாள்.

"ஆனா சாமிக்குப் போனதை யாரும் திறந்து பாக்கக் கூடாது" என்று கறாராகச் சொன்னாள் வர்ஷிதா. "உண்டியல்ல கை விடற மாதிரி."

பழைய இன்சொல் வழியாகவே சென்னியப்பனுக்கு ஒரு தகவல் அனுப்பினாள் நாச்சாள். இந்தச் சனியனை ஒழித்துக்கட்டச் சொந்தமாக மெயில் சர்வர் போட்டிருக்கிறேன், நாச்சாள்.வீடு என்று பெயர், அங்கிருந்து எழுதுவேன் என்றாள். மறுநாள் தன் சர்வரில் உட்கார்ந்து எழுதினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதியதை எழுதியபடியே ஒருவர் படிக்கப்போகிறார். சிரிப்பு வந்தது, இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எனக்கு முன்கோபம் அதிகம், சமையல் வராது, கோபம் வந்தால் ஸ்பேனரைத் தூக்கி எறிவேன், நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள்.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை இன்சொல் வழியாக, "உங்கள் மௌனமும் எனக்கு இசையே" என்று ஒரு கடிதம் வந்தது. அவன் உண்மையில் என்ன எழுதியிருப்பான் என்று நாச்சாள் அரைநாள் யோசித்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கலாம். வேண்டாம், விட்டுவிடுவோம் என்றுகூட எழுதியிருக்கலாம். அந்த நினைப்பிலேயே ஒரு மெஷினுக்கு ஊசியைத் தலைகீழாக மாட்டி, சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு விதத்தில் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை ரஷீதா வந்து பார்த்தாள். கடிதம் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது புகார் அறிக்கையில்தான் இருக்கும்.

"அறிக்கை எங்க வருது?"

இரண்டு பெண்களும் திரும்பி வர்ஷிதாவைப் பார்த்தார்கள். வர்ஷிதா முடியவே முடியாது என்றாள். சாமி கண்ணைக் குத்தும் என்றாள். கப்பல் நாளை மறுநாள் என்று மகள் கெஞ்சியதும், சாமியையே கேட்டுவிடலாம் என்றாள். பூ வாக்குக் கேட்பது எல்லோரும் செய்கிற காரியம்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போக வேண்டும். வர்ஷிதாவே வாசல் செடிகளில் பூப் பறித்து, உள்ளே போய் மடித்து, நூல் கட்டி எடுத்து வந்தாள். சாமி படம் இல்லாததால் சர்வர் பெட்டி முன்னாலேயே போட்டார்கள். நாச்சாள் கண்ணை மூடிக்கொண்டு இடதுபக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்று சொல்லிவிட்டு, மீதிப் பொட்டலத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, வர்ஷிதா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கடிதத்தைத் தான் பார்க்கவில்லை என்று சாமிக்குக் காட்டுவதற்காக. பிறகு, "கொஞ்சம் சத்தமாப் படி" என்றாள்.

பெட்டியில் நிலாவிலிருந்து வந்த அறிக்கைகள் இருந்தன. எல்லாம் ஒரே சேதிதான். நாச்சாள்.வீடு பெயரில் ஒரு கடிதம் வந்தது, நீங்கள் அறிவித்த எண்ணிலிருந்து அது வரவில்லை, உங்கள் உத்தரவுப்படியே ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டோம். அறிக்கைகளுக்கு நடுவில் மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றும் கருப்பணசாமிக்கு. அனுப்பியவர் சென்னியப்பன்.

முதல் கடிதம் இப்படி இருந்தது.

"கருப்பணசாமிக்குக் கும்புடு. இது டெஸ்ட் மெயில். நமக்காக ஒரு வீடு அமைச்சிருக்கேன், பேரு நாச்சாள்.வீடுன்னு அந்தப் புள்ள எழுதியிருந்துச்சு. அதென்ன வீடுன்னு டிஎன்எஸ்ல தேடிப் பாத்தா வீடும் இல்ல, வாசலும் இல்ல, மெயில் சர்வரு! எனக்கு ஒரே ஆச்சரியம். நானும் ஒரு ஓட்டைப் பெட்டியில இதே மாதிரி ஒண்ணு போட்டுட்டேன். டெஸ்ட் பண்ண ஒரு அட்ரஸ் வேணும். அந்தப் புள்ளைக்கே அனுப்பக் கூச்சமா இருக்குது. டிமார்க்ல உன்ற அட்ரஸ் இருந்துச்சு. நீ படிக்கமாட்டே, அதனால தைரியமா எழுதறேன்."

நாச்சாள் படிப்பதை நிறுத்தினாள். காது சூடாகிவிட்டது. "நிறுத்தாத" என்றாள் சுவரைப் பார்த்து நின்ற வர்ஷிதா.

இரண்டாவது கடிதத்தில் சென்னியப்பன் சாமியோடு நன்றாகப் பழகிவிட்டிருந்தான். காலையில் எழுந்ததும் மூணாம் நம்பர் வால்வைக் கெட்ட வார்த்தையில் திட்டாவிட்டால் தனக்கு வேலை ஓடாது என்றான். இங்கே கொடுக்கும் சாம்பாரைக் குடித்தால் கருப்பணசாமியே அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார் என்றான். குறட்டை விடுகிறான் என்று பக்கத்து அறை வங்காளி சுவரில் செருப்பால் அடிக்கிறானாம். நாச்சாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரஷீதா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து நின்ற முதுகும் குலுங்கியது.

மூன்றாவது கடிதம் செவ்வாய்க்கிழமை எழுதியது. அதைப் படிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

"சாமி, அந்தப் புள்ள எழுதறதைப் படிச்சா எனக்குப் பயமா இருக்குது. அம்புட்டும் பூவாட்டம் இருக்குது, ஒரு அதட்டல் இல்ல, ஒரு கோவம் இல்ல. நான் கத்தற ஆளு. மனசுல ஒண்ணும் இருக்காது, ஆனா கத்துவேன். இவ்வளவு பதவிசான புள்ளையைக் கட்டி அழ வெக்கறதுக்கு, நான் ஏறாமலே இருந்துக்கலாம்னு பாக்கறேன். வியாழக்கிழமை மத்தியானம் மூட்டை கட்டோணும். நீ ஏதாச்சும் சொல்றதுன்னா அதுக்குள்ள சொல்லு. ஒண்ணும் வரலீன்னா இங்கயே கெடந்துக்கறேன்."

படிக்காத சாமியிடம் பதில் கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு நாள்தான் மிச்சம். இத்தனை நாளும் நாச்சாள் பயந்த அதே பயத்தை அந்த ஆளும் நிலாவில் தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறான். அவன்மேல் அவளுக்கு அந்த இடத்திலேயே ஆசை வந்துவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

உடனே பதில் எழுதலாம்தான். எழுதினால் அதையும் அந்தப் பக்கத்து சர்வர் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுமே. உன் எண்ணிலிருந்து வரவில்லை என்று சொல்கிறதே, இது யார் எண் என்று நாச்சாள் அறிக்கையைக் காட்டினாள். ரஷீதா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டு வாசல்ல பழைய எண், புதிய எண்ணுன்னு ரெண்டு போர்டு இருக்குல்ல? அது மாதிரிதான் இணையத்துலயும். ஒரே லைனுக்குப் பழைய எண் ஒண்ணு, புது எண் ஒண்ணு. நாம நோட்டுல பழைய எண்ணை மட்டும் எழுதியிருக்கோம். உன் பெட்டி புது எண்ணு வழியா லெட்டரை வெளிய அனுப்புது."

அப்படியானால் புது எண்ணையும் நோட்டில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்றாள் நாச்சாள். சேர்க்கலாம், ஆனால் பலனில்லை என்றாள் ரஷீதா. ஒருமுறை நோட்டைப் படித்த சர்வர்கள் அதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளும். நிலாவில் அலைவரிசை கிராக்கி என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் திரும்ப வந்து பார்க்கும். வெள்ளிக்கிழமை கப்பல் போன பிறகுதான் அதற்குப் புது எண் தெரியவரும்.

நாச்சாளுக்கு இந்த நோட்டு, மனப்பாடம், விசாரணை எல்லாம் புதுசு. ஆனால் நிட்டிங் மெஷினில் நூல் தப்பான வழியில் ஓடினால் என்ன செய்வது என்பது பழசு. பேட்டர்னை மாற்றிக்கொண்டிருக்கமாட்டார்கள். அந்த வழியை அடைப்பார்கள்.

"நோட்டு கெடக்கட்டும். பெட்டியில புது எண்ணை அடைச்சுட்டா? பழைய வாசல் வழியாத்தானே போயாகோணும்?"

ரஷீதா அவளை முறைத்துப் பார்த்தாள். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்கிற முறைப்பு. ஒரு வரியை மாற்றினார்கள், பெட்டியை அணைத்துப் போட்டார்கள். ரஷீதாவின் கவுண்டருக்கு ஒரு சோதனைக் கடிதம் பழைய எண்ணிலிருந்து, எஸ்பிஎஃப் சரி, முத்திரை சரி என்று சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது வேறொரு சிக்கல் வந்தது. சென்னியப்பன் கேட்டது சாமியை. சாமி பெட்டியிலிருந்தே, "ஏறு" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடலாம் என்றாள் ரஷீதா. மறுபேச்சுப் பேசாமல் ஏறிவிடுவான், வேலை முடிந்தது. வர்ஷிதாவும் மெதுவாகத் தலையாட்டினாள். சாமி வேண்டாம் என்றா சொல்லப்போகிறது என்றாள்.

நாச்சாள் விசைப்பலகையில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை அனுப்பினால் இன்சொல்லுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். அதுவும் இப்படித்தானே, எல்லோருடைய நல்லதுக்காகவும் எல்லோர் பெயரிலும் எழுதுகிறது.

தன் பெட்டியைத் திறந்து, தன் பெயரில் எழுதினாள்.

"சாமிக்கு நீங்க போட்ட மூணு கடுதாசியும் பிரிச்சுப் படிச்சது நான்தான். பூ வாக்குக் கேட்டுட்டுத்தான் படிச்சேன். பதவிசான புள்ளைன்னு இங்க யாரும் இல்லீங்க. அது மெஷின் எழுதினது. உங்க லெட்டரைப் படிச்சா எனக்குத் தூக்கம் வரும். சாமிக்கு எழுதினதைப் படிச்சப்ப வரல. நானும் கத்துவேன், ஸ்பேனரைத் தூக்கி வீசுவேன், இதுவரைக்கும் யாரு மேலயும் பட்டதில்ல. ஏறறதும் ஏறாததும் உங்க இஷ்டம். சாமி ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன், வாங்க. நாச்சாள்."

அனுப்பினாள். எத்தனை பேர் இப்படி வாய்விட்டு எழுதியிருப்பார்கள் இந்த நாற்பது வருடத்தில் என்று தோன்றியது. பிறகு பசித்தது. மூவரும் தக்காளிச் சாதம் சாப்பிட்டார்கள். ரஷீதா கவுண்டருக்கு லீவு சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யை இன்சொல் இன்னும் அழகாக மாற்றிக் கொடுத்திருக்கும், அதில் அவளுக்குக் கவலையில்லை.

சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பெட்டி ஒரு சத்தம் எழுப்பியது.

"அறிவிருக்குதா உனக்கு? சாமிக்குப் போட்ட லெட்டரைப் பிரிச்சுப் படிப்பியா? மானம் மரியாதை எல்லாம் போச்சு எனக்கு. சாம்பாரைப் பத்தி எழுதினதையும் படிச்சியா? இதை அஞ்சு நாளைக்கு முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு? மனுஷன் இங்க உக்காந்து பைத்தியம் புடிச்சுக் கெடக்கறேன். மூட்டை கட்டிட்டேன். ஸ்பேனரு என்ன சைஸு?"

நாச்சாள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நாலு லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒருவன் அவளைத் திட்டியிருக்கிறான், ஒரு முள்கூட எடுக்காமல். அவள் வாசலுக்கு ஓடினாள், தெருமுனை வரைக்கும் ஓடினாள், எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் திரும்பி ஓடி வந்தாள். எதிர்வீட்டுக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். "என்னைத் திட்டிட்டாருங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு உள்ளே போய், மெஷின் மெக்கானிக்குக்கு உரிய மரியாதையோடு, பதினேழாம் நம்பர் என்று பதில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியது. ஏறுவதற்கு முன் அவன் அனுப்பிய கடைசிக் கடிதத்தில் மூணாம் நம்பர் வால்வுக்கு ஒரு பிரியாவிடை வசவு இருந்தது. இங்கே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை கப்பல் தரையிறங்க வேண்டும். திங்கட்கிழமை காலை, கடை கண்ணிக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலையை முடித்துவிடலாம் என்று நாச்சாள் சர்வர் முன் உட்கார்ந்தாள். புது எண்ணையும் நோட்டில் சேர்த்தாள். இனி புகார் அறிக்கைகள் தனக்கே வரட்டும் என்று டிமார்க்கில் முகவரியை மாற்றினாள். சாமி பெட்டியில் மிச்சமிருக்கும் அறிக்கைகளைத் தன் பெட்டிக்கு நகர்த்துவதற்காக, கடைசியாக ஒரு தடவை அதைத் திறந்தாள்.

அறிக்கைகள் இரண்டுதான் இருந்தன. புதுக் கடிதங்கள் பத்தொன்பது இருந்தன. பதினெட்டு நிலாவிலிருந்து. சென்னியப்பன் விட்டுவிட்டு வந்த ஓட்டைப் பெட்டி அங்கே யார் யாருக்கோ பயன்பட்டுக்கொண்டிருந்தது. வங்காளத்தில் ஒன்று, தமிழில் நாலைந்து, மற்றது என்ன மொழியோ. எல்லாம் பாறைக்காட்டுக் கருப்பணசாமிக்கு. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பி எழுதியவை.

பத்தொன்பதாவது இந்த வீட்டிலிருந்தே போனது. அனுப்பியவர் வர்ஷிதா. தலைப்பு, "பூ விஷயமா".

நாச்சாள் அதைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து பூஜை அலமாரிக்குப் போனாள். புதன்கிழமை எடுக்காமல் விட்ட சிவப்பு அரளிப் பொட்டலம் அங்கேயே இருந்தது, நூல் பிரிக்காமல். அடுப்படியில் அம்மா யாரையோ, அநேகமாகப் பால் பாக்கெட்டை, திட்டிக்கொண்டிருந்தாள். நாச்சாள் நூலை அவிழ்த்துப் பிரித்தாள். பூ வாடிப்போயிருந்தது. வாடினாலும் வெள்ளை வெள்ளைதான்.

அவள் பொட்டலத்தை இருந்தபடியே மடித்து, நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததையெல்லாம் தட்டி, கருப்பணசாமி பெட்டிக்குப் புதுக் கடவுச்சொல் போட்டாள். இனி அதைச் சாமியைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது.